நாவும் நாமமும்: அந்தமான் தீவுகளில் இறைப்பெயர் படும் பாடும் பெறும் மரியாதையும்

நீல் தீவின் ஊர்ப்பெயர்களை அடுக்கிச் சொன்னால் ராமாயணமே நினைவுக்கு வரும். சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர். ஹேவ்லாக்கில் ராதாநகர், கோவிந்தநகர், கிருஷ்ணநகர். வடக்கே திக்லிபூர் வட்டாரத்தில் காளிப்பூர், துர்காபூர், சீதாநகர். கிழக்கு வங்கத்தில் வீடு வாசலை விட்டுவிட்டு, 1949 முதல் கப்பல் கப்பலாக வந்திறங்கிய அகதிக் குடும்பங்கள் காடு திருத்திக் குடியேறிய பகுதிகள் இவை. நீல், ஹேவ்லாக் என்று அவ்விரு தீவுகளுக்கு முன்பே இருந்த பெயர்கள் 1857 எழுச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதிகளுடையவை. 2018 டிசம்பரில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும் நீலை ஷஹீத் தீவு என்றும் அரசு மாற்றியது. தளபதிகள் வரைபடத்திலிருந்து இறங்கிவிட்டார்கள். சீதையும் பரதனும் ராதையும் அப்படியே இருக்கிறார்கள்.

ரேஷன் அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் பேருந்துப் பலகையிலும் தெய்வப் பெயர் இருக்கிறது. ஒரு நாளில் அந்தப் பெயர் எத்தனை வாய்களில் புழங்குகிறது! அதைச் சொல்லும்போது யாரும் கைகூப்புவதில்லை. கூப்ப வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. இறைவன் பெயரை நாள்தோறும் புழங்குகிறவர்கள் அதற்கு மரியாதை செய்கிறார்களா, அல்லது கைமாறிக் கைமாறி முகம் தேய்ந்த காசைப்போல் அதை ஆக்கிவிடுகிறார்களா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

இதை ஆராய அந்தமான் நிக்கோபாரைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. அதில் இந்துக்கள் ஏறத்தாழ 69 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 21, முஸ்லிம்கள் எட்டுக்கு மேல். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என்று ஒரே தெருவில் பல மொழிகள் கேட்கும். தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 விழுக்காடு. பழங்குடிகளைத் தவிர மற்ற எல்லாருடைய கடவுளும் இங்கே கப்பலேறி வந்தவர்தான். ஆகவே ஒரு வீட்டார் வணங்கும் பெயர் அடுத்த வீட்டாருக்குப் பழக்கமில்லாத பெயராக இருப்பது இங்கே இயல்பு. மரியாதை என்பது எது என்ற கேள்வியும் இங்கே ஏட்டுக் கேள்வியாக நிற்பதில்லை.

கடல் கடந்து வந்த பெயர்கள்

தமிழ் பக்தி மரபில் இறைப்பெயருக்கும் கடலுக்கும் பழைய உறவு உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், நமசிவாயப் பதிகம் பாடி மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறினார் என்பது நாம் பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்ட வரலாறு. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம்) ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். விமானம் எல்லாருக்கும் எட்டாதிருந்த காலத்தில் மூன்று நாள் கடற்பயணம். கப்பல் ஆடும்போது ஒருவர் வாயில் 'முருகா' என்றும் இன்னொருவர் வாயில் 'யா அல்லாஹ்' என்றும் வருவதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படி வந்தவர்கள் தீவுத் தலைநகரில் வெற்றிமலை முருகனுக்குக் கோயில் வைத்தார்கள். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்தார்கள். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கட்சல் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. தமிழகத்திலிருந்து இலங்கைக்கு, இலங்கையிலிருந்து தீவுக்கு என்று இரண்டு கடல் பார்த்த குடும்பங்கள் அவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடுமையாகத் தாக்கிய இடங்களில் கட்சலும் ஒன்று. இடமும் உடைமையும் திரும்பத் திரும்பப் பறிபோனவர்களிடம் பறிபோகாமல் இருந்தவற்றில் குலதெய்வத்தின் பெயரும் ஒன்று.

இந்தப் பெயர் வீட்டுக்குள் எப்படிப் புழங்குகிறது? காலையில் எழும்போது ஒரு தடவை, கால் இடறினால் ஒரு தடவை, கெட்ட சேதி காதில் விழுந்தால் 'சிவ சிவா' என்று ஒரு தடவை. கணக்கு நோட்டின் தலையில் பிள்ளையார் சுழி, வண்டியின் முகப்பில் 'முருகன் துணை' அல்லது 'மாதா துணை', கடைப் பலகையில் 786. நாளைய வேலையைப் பேசும்போது 'இன்ஷா அல்லாஹ்', நலம் விசாரித்தால் 'கர்த்தர் கிருபையில்'. இவற்றைப் பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதன் தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றின் முன் நிற்கும் கணங்களில்தான் இந்தச் சொற்கள் வருகின்றன. தொடங்கும்போதும், இடறும்போதும், நாளையைப் பற்றிப் பேசும்போதும் 'எல்லாம் என் கையில் இல்லை' என்று ஒப்புக்கொள்வதே அவற்றின் வேலை.

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் இதன் நீட்சிதான். பிள்ளைக்குத் திருமால் பெயரை வையுங்கள் என்று பெரியாழ்வார் ஒரு பதிகம் முழுவதும் தாய்மாரை வற்புறுத்துகிறார். சாகும் தறுவாயில் மகனை 'நாராயணா' என்று அழைத்ததாலேயே கடைத்தேறிய அஜாமிளனின் கதையைப் பாகவதம் சொல்கிறது. மற்ற மரபுகள் இதில் இன்னும் எச்சரிக்கையாக நடக்கின்றன. முஸ்லிம் தந்தை மகனுக்கு 'அப்துர் ரஹ்மான்' என்று பெயர் வைக்கிறார். ரஹ்மானின் அடிமை என்பது பொருள். அடைமொழியை வெட்டி இறைவனின் பெயரை மட்டும் கூப்பிடக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் யேசுதாசன், தேவசகாயம் என்று பெயர் சூட்டுவதிலும் அதே தயக்கம் இருக்கிறது. இந்துக்கள் கடவுளின் பெயரை நேராகவே வைத்துவிடுவார்கள். ஆனால் 'சாமி பேரு, தாத்தா பேரு, அதைச் சொல்லித் திட்டக் கூடாது' என்று வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் இருக்கும். பெயரை வாரி வழங்கிய வீடு, வசவிலிருந்து அதைக் காக்க ஒரு வழியும் செய்துவைத்திருந்தது.

தமிழ்நாட்டில் நாமம் சொல்வதையே வழிபாட்டின் நடுவில் வைத்த மரபும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த கோவிந்தபுரத்தில் சமாதி கொண்டிருக்கும் போதேந்திர சரசுவதி, திருவிசநல்லூர் ஸ்ரீதர அய்யாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகிய மூவரும் நாம சித்தாந்தத்தின் தூண்கள். சாதி, ஆசாரம், இடம், காலம் எதுவும் பாராமல் யாரும் எங்கும் சொல்லலாம் என்பது அவர்களுடைய நிலை. அப்படித் தாராளமாகத் திறந்துவிட்ட அதே மரபுதான், நாமத்துக்கு இழைக்கும் பத்துக் குற்றங்களின் பட்டியலையும் கூடவே வைத்திருக்கிறது. பத்மபுராணத்தில் வரும் அந்த 'நாமாபராத'ப் பட்டியலில் தீட்டுக்கோ குளிக்காமல் சொல்வதற்கோ இடமில்லை. பெயர் இருக்கிறதே என்ற துணிச்சலில் பாவம் செய்வது, சிவன் பெயர் வேறு திருமால் பெயர் வேறு என்று பிரித்து ஒன்றைத் தாழ்த்துவது, அடியாரை இகழ்வது, கேட்க விருப்பமில்லாதவனிடம் அதைத் திணிப்பது, சொல்லிக்கொண்டே 'நான், எனது' என்பதில் ஊறிக் கிடப்பது போன்றவைதான் குற்றங்கள். எப்போது சொன்னாய் என்று அது கேட்கவில்லை. எதற்காகச் சொன்னாய் என்று கேட்கிறது. தீவுகளின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

சொல்லாமல் போற்றுதல்

கப்பல்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஒரு பெயர் இருந்தது. பெரிய அந்தமானிய மக்கள் தெற்கில் அதைப் புலுகா என்றும் வடக்கில் பிலிக்கு என்றும் வழங்கினர். புயலோடும் பருவக் காற்றோடும் கலந்த ஆற்றல் அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மக்களைப் பற்றி எழுதிய அதிகாரி ஈ. எச். மேன், உலகைப் படைத்த பரம்பொருளாகப் புலுகாவைக் காட்டினார். 1906 முதல் 1908 வரை கள ஆய்வு செய்து 1922-இல் நூல் வெளியிட்ட மானிடவியலர் ராட்கிளிஃப் பிரவுன் அதை மறுத்தார். மேன் தம் கிறிஸ்தவக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டார் என்பது அவர் பக்கத்து வாதத்தின் சாரம். அந்தச் சர்ச்சை ஐரோப்பிய அறிஞரிடையே வெகுநாள் ஓடியது.

இருவரும் ஒத்துப்போகும் செய்திதான் நமக்கு வேண்டியது. புலுகாவுக்குக் கோயில் இல்லை, பூசை இல்லை, பெயரைச் சொல்லும் செபமும் இல்லை. மரியாதை முழுவதும் விலக்குகளில் இருந்தது. தேன்மெழுகை உருக்கக் கூடாது. காலையிலும் மாலையிலும் சிள்வண்டு பாடும் வேளையில் கூச்சல் போடக் கூடாது. குறிப்பிட்ட பருவத்தில் சில கிழங்குகளைத் தோண்டக் கூடாது. மீறினால் புயல் வரும். நாவால் துதிக்காமல், கையையும் வாயையும் அடக்கி நடப்பதே அங்கே வணக்கம். காட்டுக்கும் பருவத்துக்கும் மனிதன் வைத்துக்கொண்ட வரம்பு, கடவுளுக்குக் காட்டிய மரியாதையாகவும் இருந்தது.

சொல்லாமையின் மரியாதை மனிதப் பெயர்களுக்கும் உண்டு. துக்கம் காக்கும் காலத்தில் இறந்தவரின் பெயரை அந்தமானியர் உச்சரிப்பதில்லை. நிக்கோபாரிலும் இறந்தவர் பெயரைத் தவிர்க்கும் வழக்கம் இருந்ததை அங்கே அதிகாரியாக இருந்த தெ ரோப்ஸ்டார்ஃப் 19-ஆம் நூற்றாண்டில் பதிவு செய்தார். இறந்தவர் பெயர் ஒரு பொருளின் பெயராகவும் இருந்துவிட்டால், அந்தப் பொருளுக்கே வேறு சொல் தேடிக்கொள்வார்களாம். நமக்கு இது விந்தையாகத் தோன்ற வேண்டியதில்லை. கணவன் பெயரை வாயால் சொல்லாத பாட்டிகள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். கணவன் பெயர் ஆறுமுகம் என்றால் முருகனைக்கூட 'அவர் பேரு சாமி' என்றுதான் சொன்னார்கள். யூதர்கள் தங்கள் இறைவனின் நான்கெழுத்துப் பெயரை உச்சரிப்பதில்லை. வாசிக்கும்போது அங்கே 'ஆண்டவர்' என்று பொருள்படும் வேறு சொல்லைச் சொல்கிறார்கள். ஓயாமல் சொல்வதும் சொல்லவே அஞ்சுவதும் எதிரெதிர்ப் பழக்கங்களாகத் தெரிந்தாலும், அந்தப் பெயர் மற்றச் சொற்களைப் போன்றதல்ல என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இங்கே வலிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. பெரிய அந்தமானியக் குடும்பத்தைச் சேர்ந்த போ மொழியின் கடைசிப் பேச்சாளராக இருந்த போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். அந்த மக்களில் எஞ்சியவர்கள் இன்று சில பத்துப் பேர்தான். அவர்களுடைய இறைப்பெயரை யாரும் நிந்திக்கவில்லை, தடை செய்யவும் இல்லை. அதை அச்சத்தோடு சொல்லவும் தயக்கத்தோடு தவிர்க்கவும் தெரிந்த மொழி அடங்கியது. பெயரும் மானிடவியல் நூல்களின் பக்கங்களுக்குள் ஒடுங்கியது. ஒரு மக்களின் கடவுளுக்கு நாம் காட்டக்கூடிய முதல் மரியாதை, அந்த மக்களை நோயும் மதுவும் குடியேற்றமும் அழித்துவிடாமல் வாழவிடுவதுதான். 1858 மார்ச்சில் முதல் 200 கைதிகளோடு தொடங்கிய குடியேற்றம் அந்த மரியாதையைக் காட்டவில்லை.

பெயரைச் சுமந்து வந்தவர்கள்

நிக்கோபாருக்கு ஏசுவின் பெயர் வந்த வழி நம் ஊர்களின் வழியே போகிறது. தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்கள் 1756-இல் நிக்கோபாரைத் தங்களுடையது என்று அறிவித்தார்கள். தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொரேவிய சபையினர் 1768-இல் அங்குள்ள நான்கவுரித் தீவுக்குப் போனார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மடிந்தார்கள். உள்ளூர் மொழி அவர்களுக்கு வசப்படவில்லை. 1787-இல் முயற்சி கைவிடப்பட்டது. பத்தொன்பது ஆண்டு உழைப்பும் பல உயிர்களும் செலவாகியும் பெயர் வேர்பிடிக்கவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1890-களின் நடுவில், சென்னையிலிருந்து வந்த தமிழர் வேதப்பன் சாலமன் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்தில் அரசின் முகவராகக் குடியேறினார். பள்ளி நடத்தினார், நிக்கோபாரி பேசக் கற்றார், சுவிசேஷத்தை அந்த மொழிக்குக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டார். அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவர் பர்மாவுக்குப் போய்ப் பயின்று திரும்பி ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். நிக்கோபாரி மொழிக்கு எழுத்து வடிவில் நூல்களைத் தந்தவரும், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவரும், பின்னாளில் ஆயர் ஆனவரும் அவர்தான். 1952-இல் இத்தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார். இன்று நிக்கோபார் மாவட்டத்தில் பத்தில் ஏழு பேர் கிறிஸ்தவர்கள்.

மொரேவியருக்கும் சாலமனுக்கும் பக்தியில் ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது. சாலமன் அந்த மொழியில் இறங்கினார். ரிச்சர்ட்சன் அந்த மொழியிலேயே பிறந்தவர். ஒரு மக்களின் பேச்சுக்கு மரியாதை செய்தபோது, இவ்விருவரும் கொண்டுவந்த பெயருக்கும் மரியாதை கிடைத்தது.

இதன் மறுபக்கத்தை 2018 நவம்பரில் உலகமே பார்த்தது. வெளியாரை அண்டவிடாத வடக்கு சென்டினல் தீவில், அங்குள்ள மக்களுக்கு ஏசுவை அறிவித்தே தீர்வது என்ற உறுதியோடு இறங்கிய அமெரிக்க இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். பழங்குடிகளின் பாதுகாப்புக்காக 1956-இல் இயற்றப்பட்ட சட்டம் அத்தகைய வருகையைத் தடுக்கிறது. வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத சிறு கூட்டத்துக்கு ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலே எமனாகலாம். அந்த இளைஞரின் நம்பிக்கையைக் கேலி செய்வது பண்பாகாது. அவர் உயிரையே வைத்தார். ஆயினும் வராதே என்று அம்பு காட்டிச் சொல்கிறவர்களிடம் கொண்டுபோகப்படும் பெயர், அன்பின் பெயராக அவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எட்டெழுத்தை உரக்கச் சொன்ன இராமானுசரை இங்கே நினைக்கலாம். மறைத்து வைக்காதே என்றது அவர் செயல். விருப்பமில்லாதவனிடம் திணிக்காதே என்றது நாமாபராதப் பட்டியல். இரண்டும் முரண்படுவதில்லை. இராமானுசர் அழைத்தது கேட்க ஆசைப்பட்டு வந்து நின்றவர்களை. கேட்க வருகிறவனுக்குக் கதவைச் சாத்துவதும் கேட்க மறுப்பவனின் கதவை உடைப்பதும் ஒரே அளவு பிழை.

சிறைச் சுவருக்குள்

1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் ஏழு கிளைகள். ஒவ்வோர் அறையிலும் ஒற்றை மனிதன். செக்கிழுத்து நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டும். அந்தச் சிறையின் அதிகாரி டேவிட் பாரி, கடவுள்கூட இந்தப் பக்கம் வருவதில்லை, இங்கே நானே கடவுள் என்ற தோரணையில் பேசுவதைக் கைதிகள் தங்கள் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். இறைப்பெயரை இழிவுபடுத்துவது என்றால் வசைச்சொல் வீசுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பாரியிடம் வசை இல்லை. கடவுளின் இருக்கையில் தான் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதிகாரம் இறைப்பெயருக்குச் செய்யும் மிகப் பெரிய அவமதிப்பு இதுதான். இன்றும் அலுவலக மேசைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் சிறிய அளவில் இது நடப்பதைப் பார்க்கலாம்.

அதே சுவர்களுக்குள் எதிர்ப்பும் இருந்தது. மாண்டலே சதி வழக்கில் தண்டனை பெற்று வந்த பஞ்சாபியர் ராம் ரக்கா, தம் பூணூலைப் பறித்ததற்காக உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டார். 1857 எழுச்சியை ஆதரித்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்ட மார்க்க அறிஞர் ஃபஸ்லே ஹக் கைராபாதி, இந்தச் சிறை எழும் முன்பே, 1861-இல் இத்தீவுகளில் மறைந்தார். அவருடைய அடக்கத்தலத்தில் இன்றும் மக்கள் ஃபாத்திஹா ஓதுகிறார்கள். இவற்றைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது மருத்துவர் திவான் சிங்கின் வாழ்க்கை. பஞ்சாபிக் கவிஞரான அவர் போர்ட் பிளேரில் 1937-இல் குருத்வாரா எழுப்புவதில் முன்னின்றார். நாமத்தை நினைப்பது, உழைத்து உண்பது, பகிர்ந்து கொடுப்பது என்ற மூன்றையும் ஒரே கயிற்றில் முறுக்கியது குரு நானக்கின் நெறி. 1942-இல் ஜப்பானியப் படை தீவுகளைப் பிடித்தபின் அவர்களுடைய விருப்பங்களுக்குப் பணிய மறுத்த திவான் சிங், செல்லுலார் சிறையில் நெடுநாள் சித்திரவதைப்பட்டு 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். கடவுள் நானே என்று பாரி மிரட்டிய அதே கட்டடத்தில், தனக்கு மேல் ஒருவன் உண்டு என்று நம்பியவர் எந்த அதிகாரத்துக்கும் அடங்க மறுத்தார். நாமம் ஒரு மனிதனை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சத்தியம், சரக்கு, சத்தம், தாள்

சாதாரண மனிதர்களுக்கு இவ்வளவு பெரிய சோதனை வருவதில்லை. நமக்கு வருபவை நான்கு சின்னச் சோதனைகள்.

முதலாவது சத்தியம். 'சாமி சத்தியமா' என்று தொடங்கும் பேச்சில் பாதி, சந்தையில் விலை பேசுவதற்கும் பிள்ளைகள் அடியிலிருந்து தப்புவதற்கும்தான். மோசேயின் கட்டளைகள் இறைப்பெயரை வீணாக வழங்குவதை விலக்குகின்றன; மலைப்பொழிவு ஆணையே வேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும் என்கிறது; அல்லாஹ்வின் பெயரை உங்கள் சத்தியங்களுக்குக் கேடயமாக்காதீர்கள் என்கிறது குர்ஆன். சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டு ஆணைகள் சட்டப்படி சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம். பதவி ஏற்பவருக்கும் அரசியல் சாசனத்தில் அதே இரு வழிகள் உண்டு. 1967-இல் அண்ணாவும் அவருடைய அமைச்சர்களும் உளமார உறுதி கூறும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு அது அவமதிப்பாகப் பட்டிருக்கலாம். ஆனால் ஒப்புக்குக் கடவுளை இழுத்து ஆணையிட்டுவிட்டு மறுநாளே கையூட்டு வாங்குகிறவரைவிட, தன் மனசாட்சியைச் சாட்சியாக நிறுத்துகிறவர் அந்தப் பெயருக்கு நேர்மையாக இருக்கிறார். நம்பாதவர் சொல்லாமல் இருப்பதும் ஒரு மரியாதையே.

இரண்டாவது சரக்கு. தெய்வத்தின் பெயர் விற்பனைக்கு உதவும் என்பது எல்லா வணிகருக்கும் தெரியும். லட்சுமி படம் ஒட்டிய வெடியைப் பிள்ளைகள் கொளுத்தி, படம் கிழிந்து தெருவில் கிடப்பதை ஒவ்வொரு தீபாவளியிலும் பார்க்கிறோம். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று வைத்த வணிகக் குறி பற்றிய வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தமக்கு மட்டும் உரிய சரக்குக் குறியாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. படகின் முகப்பில் தெய்வப் பெயரை எழுதும் மீனவருக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அவர் அந்தப் பெயரிடம் துணை கேட்கிறார். வணிகக் குறி பதிகிறவரோ அதை வேறு யாரும் வைக்கக் கூடாது என்று கேட்கிறார்.

மூன்றாவது சத்தம். ஆடி மாத அம்மன் பாட்டு, பாங்கு, எழுப்புதல் கூட்டம் என எல்லாவற்றுக்கும் இன்று ஒலிபெருக்கி உண்டு. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யுமாறு எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் கூறியது. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு விதிகளிலும் தடை உண்டு. காய்ச்சலில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை நம் கடவுளின் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டு அழுதால், அந்தப் பெயரை அழவைக்கும் பெயராக்கியவர்கள் நாம்தான்.

நான்காவது தாள். சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் தெய்வப் படம் இல்லாதவை குறைவு. ஆண்டு முடிந்ததும், கல்யாணம் முடிந்ததும் அவற்றை என்ன செய்வது? குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் வைக்கிறோம். தீவுகளிலும் கடலோர ஊர்களிலும் தண்ணீரில் விடுகிறோம். மற்றவர்களும் இதே தவிப்பில் வழி கண்டிருக்கிறார்கள். சிதைந்த குர்ஆன் தாள்களைத் துணியில் சுற்றிப் புதைப்பது முஸ்லிம்களின் வழக்கம். சீக்கியர் பழைய குரு கிரந்தப் படிகளுக்கு முறையோடு எரியூட்டுகிறார்கள். யூதர்கள் இறைப்பெயர் உள்ள தாள்களைத் தொழுகைக்கூடத்தில் தனி அறையில் சேர்த்தார்கள். கெய்ரோவில் அப்படிச் சேர்ந்து கிடந்த குவியல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் கைக்கு வந்து, ஆயிரம் ஆண்டு வரலாற்றுக்கே ஆவணமானது. நம் வழக்கத்தில் கடலுக்குத்தான் சேதம். சாயம் பூசிய தாளும் பாரிஸ் சாந்துப் பிள்ளையாரும் பவளப்பாறைக்கு நல்லதல்ல. 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாரிஸ் சாந்துச் சிலைகளுக்கே தடை சொல்லும் வழிகாட்டுதலை வெளியிட்டது. படைத்தவன் பெயரைக் காப்பாற்ற அவன் படைத்த கடலைக் கெடுப்பது பொருத்தமில்லாத காரியம். தாளைக் கூழாக்கி மறுபடி பயன்படுத்தலாம், தோட்டத்து மண்ணில் புதைக்கலாம். அழைப்பிதழில் படத்தைத் தவிர்த்துப் பிள்ளையார் சுழியோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

பக்கத்து வீட்டுக் கடவுள்

1921 மலபார் எழுச்சிக்குப் பிறகு இங்கே அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார் தங்கள் குடியிருப்புகளுக்கு மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று விட்டுவந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள். வங்காளியர் ஊருக்கே கடவுள் பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளைமார் கடவுள் பெயரைத் தொழுகைக்கென்று வைத்துக்கொண்டார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் அருகே வெபியில் குடியேறிய கரேன் மக்கள் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள். சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு வந்த 'ராஞ்சி' மக்களில் பலர் கத்தோலிக்கர். கைதிகளின் வழிவந்த 'லோக்கல் பார்ன்' குடும்பங்களிலோ மதம் கடந்த மணங்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஒரே கூரையின் கீழ் இரண்டு இறைப்பெயர்கள் புழங்கின.

இப்படிப்பட்ட ஊரில் என் கடவுள் பெயருக்கு நான் காட்டும் மரியாதையை அளக்க ஒரு வழிதான் உண்டு: உன் கடவுள் பெயரை என் வாய் எப்படிச் சொல்கிறது? அல்லாஹ்வை விடுத்துப் பிறர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள், திட்டினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வைத் திட்டுவார்கள் என்று குர்ஆன் எச்சரிக்கிறது. சிவன் பெயரையும் திருமால் பெயரையும் பிரித்து ஒன்றைத் தாழ்த்துவதை நாமாபராதம் என்றார்கள் நம்மவர். அன்று பக்கத்து வீடு என்றால் சைவருக்கு வைணவர், வைணவருக்குச் சைவர். இன்றைய பக்கத்து வீடு இன்னும் விரிந்திருக்கிறது; பட்டியலின் பொருளும் அதற்கேற்ப விரிய வேண்டும். தன் கடவுளின் பெயரை முழக்கமாக்கி அடுத்தவன் வாசலில் நின்று கத்துகிறவன், எத்தனை கோடி நாமம் எழுதியிருந்தாலும் இந்த அளவுகோலில் தேறமாட்டான்.

முடிவாக

இதுவரை பார்த்ததில் இறைப்பெயருக்கு மரியாதை செய்யும் வழிகள் மூன்று: சொல்வது, சொல்லாமல் அடங்குவது, கெடாமல் காப்பது. முதலிரண்டும் மரபுக்கு மரபு மாறும். முருக பக்தர் நூறு தடவை கூப்பிடுவார். அந்தமானியர் சிள்வண்டு பாடும்போது மௌனமாக இருந்தார். யூதர் உச்சரிக்கவே மாட்டார். இதில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை, தேவையும் இல்லை. மூன்றாவது மட்டும் எல்லா மரபுக்கும் பொது. பொய்க்குச் சாட்சியாக்காதே, அதிகாரத்துக்கு முகமூடியாக்காதே, ஆதாயத்துக்குச் சொந்தமாக்காதே, விரும்பாதவர்மேல் ஏவாதே. புழங்குவதால் இறைப்பெயர் தேய்வதில்லை. 'சீதாபூருக்கு ஒரு டிக்கெட்' என்று கேட்பதால் சீதைக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் பெயரைத் தன் கருவியாக்கிக்கொள்ளும்போதுதான் அது தேய்கிறது.

பிள்ளைகளுக்கும் இதை இந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கலாம். சாமி பெயரைச் சொல்லக் கற்றுக்கொடுக்கும் நாளிலேயே, அதைச் சொல்லிப் பொய் சத்தியம் செய்யாதே என்றும், அடுத்த வீட்டுப் பையன் சொல்லும் பெயரைக் கேலி செய்யாதே என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாடத்தைக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டும் வீட்டில்தான் நடந்தாக வேண்டும்.